ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன் கை பேசும். மகள் ஷாஜினி ஐஸ் ஹாக்கியில் சேர்ந்தபோது, "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்றாள் என் மனைவி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஹெல்மெட் வாங்கிய அன்று, ஐஸ் அரங்கத்துக் கடையில் அளவு பார்த்துக் கொடுக்கும் பாண்டித்துரை அவளைத் தலையாட்டச் சொன்னான். தலை ஒரு பக்கம் போனது, ஹெல்மெட் ஒரு பக்கம் போனது.

"பெருசுண்ணே. ஒரு சைஸ் கம்மியா எடுங்க."

"வளருத பிள்ளைடே. அடுத்த வருசமும் போடணும்லா."

பள்ளிச் சீருடையை எல்லோரும் அப்படித்தானே வாங்குகிறோம்? நான் துபாய் அல் கூஸில் ஏசி டெக்னீசியன். குழாயில் சுற்றும் கறுப்பு ஃபோமை வெட்டி உள்ளே ஒட்டினேன். "அப்பா, இன்னும் லூஸா இருக்கு" என்றாள். "வாரை இறுக்கிக் கட்டு மக்கா" என்றேன்.

சனிக்கிழமை மேட்ச். ஷாஜினி ஒருவனைத் தடுப்புப் பலகையோடு சேர்த்து இடித்தாள். அவன் உதடு கிழிந்தது. "இன்னும் போடு மக்கா!" என்று நான் கை தட்டினேன். அடுத்த நிமிடம் எதிரணியின் ஒன்பதாம் நம்பர் பையன் ரிபாய் அவள் மேல் தோளால் மோதினான். முதலில் ஹெல்மெட் பறந்தது. பிறகு வெறுந்தலை ஐஸில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெள்ளைத் தரையில் ரத்தம் பரவியது.

பலகையைத் தாண்டிக் குதித்தேன். செருப்பு வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். அதற்குள் ரிபாயின் அப்பா சித்தீக் போய்ச் சேர்ந்து, மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவள் தலையைப் பிடித்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"உம்ம மவன் எம் பிள்ளையக் கொன்னுட்டாம்வே!"

அவர் மூக்கில் ஒரு குத்து விட்டேன். எலும்பு நொறுங்கியது என் விரலுக்குத் தெரிந்தது. மறுபடி குத்தினேன். பல் உதட்டைக் கிழித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"அடிங்க பர்னபாஸ். கழுத்து அசைஞ்சா பிள்ளை எந்திரிக்காது. நான் கைய எடுக்க மாட்டேன்."

அவர் ரத்தம் ஷாஜினியின் ஜெர்சியில் சொட்டியது. ரெஃபரிகள் இருவர் என் கைகளை முறுக்கிப் பின்னால் இழுத்தார்கள்.

அரங்க மேனேஜர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டித்துரையிடம் பாய்ந்தார். "யே கிஸ்னே ஃபிட் கியா?" இதை யார் மாட்டிவிட்டது என்று இந்தியில் கத்தினார். அவன் வேலை அந்தக் கேள்வியில் தொங்கியது. என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டிலிருந்து என் கறுப்பு ஃபோம் துண்டுகள் ஒவ்வொன்றாக ஐஸில் விழுந்தன.

ஷாஜினியின் விரல்கள் அசைந்தன. கண் திறந்தாள்.

"அப்பா... லூஸ்னு சொன்னேன்ல?"

யாராவது என்னை அடித்துப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"மேனே கியா," நான்தான் செய்தேன் என்றேன் மேனேஜரிடம். மீதி தமிழில்தான் வந்தது. "அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல."

ரெஃபரிகளின் பிடி தளர்ந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. சித்தீக்கின் கைகள் என் மகளின் தலையை விட்டு அகலவில்லை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வாய்க்குள் போக, துடைக்கக் கையில்லாமல் அவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றினேன். அவர் எதிரில் மண்டியிட்டு, குத்திய அதே கையால் துடைத்துவிட்டேன்.