கலையாத புகை

பஸ் டிரைவர் தன் வீட்டுப் பின்பக்கத்தில் எரித்த பிளாஸ்டிக் கவர்களின் புகை, மழைக்காலம் தொடங்கியும் கலையவில்லை. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. காற்றடித்தால் லேசாகச் சாயும், பிறகு நிமிர்ந்துகொள்ளும். மழை அதன் வழியாகவே பெய்து, கீழே எண்ணெய் மினுமினுப்போடு ஓடியது.

அவர் மனைவி குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் எப்போதும் ஆள் உண்டு. மெல்லிய கவர்களைத்தான் யாரும் சீந்துவதில்லை. உருளையில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆலையும் மூடிவிட்டது. இருந்தும் அவள் எண்ணெய்க் கவர், ரொட்டிக் கவர், துணிக்கடைப் பை என்று எல்லாவற்றையும் அலசி, நீவி மடித்து, என்றாவது வழி பிறக்கும் என்று சாக்குகளில் அடைத்துவந்தாள். சாக்குகள் பெருகிக் குளியலறைக் கதவைத் திறக்கவிடாமல் செய்த அன்று, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், டிரைவர் எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டித் தீக்குச்சியைக் கிழித்தார்.

"வெறும் கவர்தானே. எரிச்சா முடிஞ்சுது," என்றார், அவள் வந்து கேட்டபோது.

"முடிஞ்ச மாதிரி தெரியலையே," என்று அவள் கொடிப்பக்கம் கையைக் காட்டினாள்.

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று கேட்டுச் சிரித்தவர்களும் தங்கள் வீட்டுக் கவர்களை எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மழை விடுவதற்குள் அவரவர் வீட்டுப் பின்பக்கமும் ஒவ்வொன்று நின்றது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

டிரைவர் வீட்டுப் புகை நாளுக்கு நாள் கதவை நெருங்கியது. அது நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம் சமையலறைக்குள் நின்றது. அவர் துண்டால் அடித்தார், மின்விசிறியை வைத்து விரட்டினார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அதைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அந்த வாரமே அவளுக்கு இருமல் பிடித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. இருமி இருமி உதடு நீலம் பாரித்தபோது டிரைவர் சுவரோடு சாய்ந்து அழுதார்.

அவர் மனைவி அழவில்லை. அதற்குப் பிறகு கழுவிச் சேர்த்திருந்த பெரிய கவர் ஒன்றின் வாயை விரித்துப் புகையின் முன் பிடித்து, "வா," என்றாள். போக்கிடம் இல்லாமல் காத்திருந்ததுபோல அது உள்ளே இறங்கியது. முடிச்சுப் போட்டுத் தூக்கினால் மகளின் கனம் கனத்தது. அடுத்த கவரை விரித்தாள். கடைசிச் சுருள்வரை கட்டி, எல்லாவற்றையும் கொட்டகைக்குச் சுமந்துபோனாள்.

"இதை எதுலம்மா சேர்க்கிறது?" என்று மேற்பார்வையாளர் தள்ளி நின்று கேட்டார்.

"கவர்லதான் சார். வேண்டாம்னா திரும்ப எடுத்துட்டுப் போறேன். ஆனா உங்க வீட்டுப் பின்னாடி நிக்கிறது இதைவிடப் பெருசுன்னு கேள்வி."

அவர் குப்பையைப் பொதியாக அழுத்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்துவிட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு பொதி வெளியே வந்தது. தொட்டால் உடம்புச் சூடு இருந்தது. அன்று சாயங்காலமே மகளின் இருமல் நின்றது.

பிறகு தெரு முழுவதும் கொண்டுவந்தது, பக்கத்துத் தெருக்களும் கொண்டுவந்தன. வாங்க ஆளில்லாமல் பொதிகள் கொட்டகைக்குப் பின்னால் கூரையைத் தாண்டி உயர்ந்தன. மகளுக்கு அதன்பின் இருமலே வரவில்லை, புரையேறினால்கூட. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை. டிரைவர் தட்டோடு எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது இருமுவது பொதிகள்தான். வேலை முடியும் வேளையில் ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். எந்த இருமல் யார் வீட்டுடையது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் அத்துப்படி. "அக்கா, உங்க பொண்ணு," என்று யாராவது குரல் கொடுத்தால், அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய் அந்தப் பொதியைத் தட்டிக்கொடுக்கிறாள். அடங்கியதும் திரும்பி வந்து பாட்டில்களைப் பிரிக்கிறாள்.