வீடு வந்து சேர்ந்த பிழைகள்

அவள் ஆபீசில் சரிசெய்த பிழைகள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வெப்சைட் எழுதும் வேலையில் ஏழெட்டு வருடம் உழைத்து அலுத்திருந்த சமயத்தில் இது தொடங்கியது. ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்று புகார் வந்தது. புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாள், டெஸ்ட் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. வீட்டுக்கு வந்தால் சமையலறை சுவிட்சை இரண்டு தடவை தட்டினால்தான் விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். அடுத்து, எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் பிரவுசர் பழைய பக்கத்தையே காட்டுகிறது என்றார்கள். அதைத் தீர்த்த அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முந்தின நாள் முகத்தைக் காட்டியது. பஸ் ஓட்டும் அவள் கணவன் நேற்றைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்றைய கன்னத்தைத் தடவித் தடவிச் சவரம் செய்யப் பழகிக்கொண்டான். சந்தேகம் தீர ஒருமுறை புரோகிராமில் தான் செய்த மாற்றத்தை நீக்கிப் பார்த்தாள். கண்ணாடி சரியானது, வாடிக்கையாளர் கத்தினார். மறுபடி மாற்றினாள். அதற்குமேல் ஆராய அவளுக்குத் தெம்பில்லை.

பிறகு ஒரு மருத்துவமனையின் வெப்சைட் வந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே நர்ஸுக்குச் செய்தி எழுதலாம். எழுதினால் ‘அனுப்பப்பட்டது’ என்று திரை சொல்லும், ஆனால் சில செய்திகள் போய்ச் சேருவதில்லை. மூச்சு முட்டுகிறது என்று எழுதிய ஒரு பெரியவர் அந்த ஒற்றைச் சொல்லை நம்பிக் காத்திருந்து, மயிரிழையில் பிழைத்தார். அந்தப் பகுதியை எழுதியவளே அவள்தான். கோளாறு எங்கே என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கை வைக்கவில்லை.

“சின்ன வேலைதானே, ஏம்மா இழுத்துக்கிட்டே இருக்க?” என்றார் மேனேஜர்.

வீட்டில் கணவனிடம் அந்தப் பெரியவரைப் பற்றியும் சொன்னாள். “இதைச் சரி பண்ணிட்டா, இந்த வீட்டுக்குள்ள ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது.”

அவன் காலுறையைக் கழற்றியபடி யோசித்தான். “நாம பேசியே எவ்வளவு நாளாச்சு? நீ வந்ததும் சாயுற, நான் விடியிறதுக்குள்ள கிளம்புறேன். வர்றது வரட்டும். அங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டுதே, அதைப் பாரு.”

மறுநாள் சரிசெய்தாள். செய்திகள் போய்ச் சேர்ந்தன. மாலையில் கணவன் அவளைப் பார்த்து வாயசைத்தான், சத்தம் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பான் என்று தலையாட்டினாள். கொஞ்ச காலம் கையாலும் கண்ணாலும் குடும்பம் நடந்தது. ஒருநாள் இருவரும் கதவைப் பூட்டிவிட்டு வெளிப்படிக்கட்டில் இறங்கும்போது அவன் முழங்கால் வலியைத் திட்டியது அவள் காதில் தெளிவாக விழுந்தது. வீட்டுக்கு வெளியே எல்லாம் கேட்டது.

அன்றிலிருந்து மாலையில் படியில் உட்காரத் தொடங்கினார்கள். தன்னை வேறு ரூட்டில் போட்டு மாசக்கணக்காகிறது என்று அவன் சொன்னான். அவளுக்கு அது புதுச் செய்தி. காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “எனக்கும்தான்” என்றான். வீட்டு ஓனர் துரத்திவிட்டார் போல என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நாத்தனார் வந்து ஒரு வாரம் தங்கி, இவ்வளவு நிம்மதியான வீட்டைப் பார்த்ததே இல்லை என்று கிளம்பும்போது படியில் நின்று மெச்சிவிட்டுப் போனாள். இவள் தொடர்ந்து ஆபீசுக்குப் போனாள், பிழைகளும் தொடர்ந்து வந்தன. மழை நாட்களில் இருவரும் குடையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார்கள்.