ஐஸ் கம்பெனிக் குழி

சனிக்கிழமை மேட்ச். முதல் சுற்றிலேயே தம்பி டீம்.

சீட்டுக் குலுக்கிப் போட்ட அன்றைக்கே கோச் காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சிவப்பாகச் சுழித்து வைத்துவிட்டார். தம்பி என்றால் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் இந்த மகளிர் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். தம்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியில். மூன்று வருஷமாகத் தம்பியின் பெண்கள்தான் அண்ணனின் பெண்களை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷம் முதல்வரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதல் மேட்சைத் தாண்டவில்லை என்றால் அடுத்த வருஷம் டீமே கிடையாது. கோர்ட்டில் கூரை போட்டு வண்டி நிறுத்திக்கொள்ளலாம்.

அதனால்தான் மத்தியான வெயிலில், ஸ்டோர் ரூமுக்குள், காற்றுப்போன பந்துகளுக்கும் நனைந்து காய்ந்த ஷூ வாடைக்கும் நடுவில் மூன்று பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் டம்ளரில் சாய்த்து வைத்த போன். அதில் தம்பி டீம் போன மாதம் ஆடிய மேட்ச். யாரோ ஒரு பெண்ணின் மாமா எடுத்தது. பாதி நேரம் முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலைதான் ஆடியது.

மூன்று பேர் என்றால் கோச், கேப்டன், வண்டு. கேப்டனுக்கு அவள் உயரத்தைப் பார்த்து ஒட்டகம் என்று பெயர். வண்டு குள்ளம், எந்தச் சந்து கிடைத்தாலும் பந்தோடு நுழைந்துவிடுவாள்.

"இந்த வழுக்கையைத் தாண்டிப் பாக்கறதே பெரிய பாடா இருக்கு சார். இவரை நம்ம டிஃபென்ஸுக்குக் கூப்பிட்டுக்கலாமா?" என்றாள் வண்டு.

"வாயை மூடிட்டுப் பாரு. பதினோராம் நம்பர் எங்கேருந்து போடறா?"

"ரிங்குக்கு வலது பக்கத்துலேருந்து."

"ஆறாம் நம்பர்?"

"அவளும் வலதுதான் சார். அங்க என்ன, ஃபேன் ஓடுதா?" என்றாள் ஒட்டகம்.

கோச் சிரிக்கவில்லை. அவருக்கு முட்டி வலித்தது. மூன்று வருஷமாக இதே டீமைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, தம்பியின் தொண்டை இருக்கிறது. ஓட்டை எங்கே என்றுதான் தெரியவில்லை.

அப்போது போனுக்குள் ஆறாம் நம்பர் பந்தைத் தட்டிக்கொண்டு இடது பக்கமாக வந்தாள். எதிரே ஈ காக்கை இல்லை. நாலு எட்டு வைத்தால் ரிங். பெஞ்சிலிருந்து ஒரு குரல் கத்தியது: "சுத்தி வா! சுத்தி வா!"

அந்தப் பெண் சட்டென்று நின்று, திரும்பி, முன்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, வலதுக்கு வந்து எறிந்தாள்.

"திரும்பப் போடு," என்றார் கோச்.

வண்டு திரும்பப் போட்டாள். "சுத்தி வா!"

"இன்னொரு தடவை."

கத்தியது தம்பி. ஆனால் குரல் அப்பாவுடையது.

அப்பா ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்கியவர். கம்பெனிக்குப் பின்னால் சிமென்ட் போட்ட முற்றம். பள்ளிக்கூடம் விட்டால் அண்ணனும் தம்பியும் அங்கேதான். கூலிக்காரர்கள் சேர்ந்து உடைந்த பீப்பாயின் இரும்பு வளையத்தைச் சுவரில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வளையத்துக்கு இடது பக்கம் ஒரு பலகைச் சரிவு. அதில்தான் ஐஸ் பாளங்கள் வழுக்கிக்கொண்டு வந்து விழும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து சிமென்ட் பெயர்ந்து, அங்கே ஒரு குழி. கோடையிலும் அதில் பல் கூசுகிற தண்ணீர் நிற்கும். பந்தோடு அந்தப் பக்கம் போனால் போதும், தோளில் சாக்கு போட்டுக்கொண்டு பாளத்தைப் பிடித்திருக்கிற அப்பா அங்கிருந்தே கத்துவார்: "குழிடா! சுத்தி வா, சுத்தி வா!"

ஒரே ஒரு நாள் தம்பி கேட்கவில்லை. நேரே ஓடிப் பந்தை எறிந்துவிட்டுக் குழியில் விழுந்தான். முன்பல் பாதி போனது. அப்பா ஐஸ் துண்டை அவன் வாயில் திணித்து, தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னாலேயே அண்ணன். தோளுக்கு மேலே தொங்கிய தலை, ரத்தமும் ஐஸுமாக, அழவில்லை. "உள்ள விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டது.

விழுந்திருந்தது.

அந்த முற்றத்தில் இப்போது ஒரு துணிக்கடையின் கார்கள் நிற்கின்றன. குழியை எப்போதோ மூடியிருப்பார்கள்.

"என்ன சார், கண்ணுல தூசியா?" என்றாள் ஒட்டகம்.

அவர் குழியைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் ஏறிவிட்டது. "குழியைப் பார்த்தே இருக்காத புள்ளைங்க, குழியைச் சுத்தி ஓடுதுங்க! அவன் காலுல இருந்தது இவளுங்க காலுக்கு வந்திடுச்சு. யாரும் போகாத இடத்துக்குக் காவல் எதுக்குன்னு அந்தப் பக்கம் ஆளையும் நிறுத்தல. இந்த மேட்ச்ல அவன்கிட்ட தோத்த டீம் போட்ட பாயிண்ட் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு, பாருங்க."

ஓட்டிப் பார்த்தார்கள். முக்கால்வாசி இடது பக்கத்திலிருந்துதான்.

"அப்ப நாம இடது பக்கமா நுழையணும்," என்றார் கோச் மேசையைத் தட்டி.

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டுதான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நாமளும் அங்க போறதில்லையே."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சார். முதல் வருஷத்துலேருந்து கத்தறீங்களே, சுத்தி வா, சுத்தி வான்னு. ஏதோ பெரிய டெக்னிக்னு நெனச்சிட்டிருந்தோம்."

கோச் போனைப் பார்த்தார். படம் முடிந்து, கறுத்த கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை பயிற்சி கண்கொள்ளாக் காட்சி. கோச் சுண்ணாம்புக்கட்டியால் இடது பக்கம் வட்டம் போட்டு, "எல்லாரும் இதை மிதிச்சுட்டுத்தான் போகணும்," என்றார். வண்டு பந்தோடு வந்தாள். வட்டத்தை நெருங்கினாள். "சுத்தி வா!" என்று கத்தினார் கோச்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"சார்!"

"தப்பு, தப்பு. வா, நேரா வா."

அடுத்தவள் வந்தாள். "சுத்தி வா!" வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் ஒட்டகம் வந்து விசிலை எடுத்து அவர் பல்லுக்கு நடுவில் வைத்தாள். "கடிச்சுக்கோங்க சார். சனிக்கிழமையும் எடுக்காதீங்க."

சனிக்கிழமை கோச் விசிலைக் கடித்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் தம்பி. தலை நரைத்திருந்தாலும் நிற்கிற நிற்பு அப்படியே அப்பா. ஆட்டம் சரிக்குச் சரியாக இழுத்துக்கொண்டே போய், கடைசி நிமிஷத்தில் அண்ணனின் பெண்கள் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். பந்து வண்டு கையில். வலது பக்கம் மதில்சுவர் மாதிரி மூன்று பேர். அவள் இடது பக்கம் திரும்பினாள். வெறும் தரை.

பயிற்சியில் வருகிற பழக்கம்தானே, தம்பியின் பெண்கள் அவள் எப்படியும் சுற்றிக்கொண்டு வருவாள் என்று வலது பக்கமே காத்திருந்தார்கள். கோச்சின் தொண்டைவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. விசிலை அழுத்திக் கடித்தார். பிளாஸ்டிக் நொறுங்கியது.

வண்டு நேராகப் போனாள். அந்த இடத்தில் காலை ஊன்றி எழும்பினாள். எதிர் பெஞ்சில் தம்பி தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டார், முன்பல் இருக்கிற இடத்தில்.

பந்து உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

கூச்சல் அடங்கியதும் தம்பி கோர்ட்டைத் தாண்டி வந்தார்.

"எப்பண்ணே குழிய மூடினே?"

"வியாழக்கிழமை," என்றார் அண்ணன், நாக்கிலிருந்து பிளாஸ்டிக்கைத் துப்பியபடி.

"அப்பா இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பாரு. சின்னப் புள்ளைய அதுக்குள்ள விட்டியே." சிரித்தார். பாதிப் பல் தெரிந்தது. "வா, டீ வாங்கிக் குடு. ஜெயிச்சவன்தான் வாங்கணும்."

வாசல் ரிங்குக்கு இடது பக்கம் இருந்தது. குழி இருந்திருக்க வேண்டிய இடத்தில், வண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேண்டிய மட்டும் வழி இருந்தது. ஆனாலும் அண்ணனும் தம்பியும் பேச்சு வாக்கில், ஒருவர் பின் ஒருவராக, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.