குஞ்சம்மாளின் கண்ணுக்குக் கீழே

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சேனாதிபதி என்ற போட்டோக்காரர் ஆயக்குடி பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் தின்றுகொண்டே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கிட்டுப் போங்க என்றார். அந்த அலட்சியத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷமாக எழுதுகிறேன். அலுத்துவிட்டது. கதைக்கும் என்னைப் பார்த்து அலுத்திருக்கும்.

2

முதல் தொடக்கம்: “1982, மார்கழி. கொடைக்கானல் மலைமீது பனி ஒரு வெள்ளைப் போர்வையாக…”

வேண்டாம். பனியைப் போர்வையாக்காத ஆள் இங்கே யாருமில்லை.

இரண்டாவது: சேனாதிபதிக்குப் பழனி அடிவாரத்தில் ஸ்டூடியோ. மொட்டை போட்டு வந்தவர்களைக் குடும்பத்தோடு நிறுத்தி இருபது வருஷம் படம் பிடித்தவர். (சந்தனம் பூசிய மொட்டையில் வெளிச்சம் தெறிக்காமல் எடுக்க ஒரு பக்குவம் உண்டு. எழுத ஆசைதான், கதைக்குத் தேவையில்லை.) நாற்பத்து மூன்று வயதில் ஒரு மதுரைப் பத்திரிகை முதன்முதலாக அவரைக் கூப்பிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, வடகவுஞ்சிப் பக்கத்துக் காட்டில், தோல் பதனிட உதவும் வாட்டில் என்ற மரத்தின் பட்டையை உரிக்கும் குடும்பங்களைப் பற்றிய கட்டுரை. காண்ட்ராக்டர் அவர்களை வேறு வேலைக்கு விடுவதில்லை. முழுப் பக்கத்துக்கு ஒரே முகம் வேண்டும், களைப்புத் தெரியவேண்டும், அதைப் பார்த்தால்தான் அவர்களை மீட்கக் கலெக்டர் அசைவார் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். படத்துக்குக் கீழே பெயரும் வருமாம். அந்த வரியைச் சேனாதிபதி எத்தனை தடவை படித்தார் என்று எனக்குச் சொல்லவில்லை.

3

பட்டை உரிப்பவர்களில் ஒருத்தியான குஞ்சம்மாளுக்கு, கதையின் முதல் பிரதியில் ஐம்பத்தெட்டு வயது கொடுத்திருந்தேன். உண்மையில் நாற்பத்தொன்று. வாசகருக்கு இரக்கம் வரவேண்டும் என்று நெற்றியில் இரண்டு சுருக்கத்தை நானாகச் சேர்த்தேன். இப்போது எடுத்துவிட்டேன்.

அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, இரவல் சேலையில் வந்து நின்றாள். பத்துப் படம் பாழ். பதினோராவதற்கு முன் கால் கடுத்து, ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்தாள். வியர்வையில் பவுடர் கரைந்திருந்தது. கேமரா இருப்பதையே மறந்துவிட்டாள். சேனாதிபதி அழுத்தினார். தன் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான் என்றார்.

அவர் கிளம்பும்போது அவள் கிட்டே வந்தாள்.

“மூத்தவ லெட்சுமி அங்கனயே நின்னுட்டாங்கய்யா. அவ புருஷனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை. நான் இங்க நல்லா சாப்புட்டு சொகமா இருக்கேன்னுதான் கடுதாசி போடுறேன். இந்தப் புஸ்தகம் அங்கயும் வருது. லயத்துல ஒருத்தர் வாங்குனா எல்லாரும் பாப்பாங்க. அவ பாத்தா அழுகக் கூடாது.”

“பாத்துக்கலாம்மா” என்றார்.*

* கல்யாணப் பெண்களுக்கும் இதையேதான் சொல்லுவார். நெகட்டிவில் சுருக்கமும் தழும்பும் இருக்கும் இடத்தைக் கூரான பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் முகம் மழுமழுவென்று வரும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி.

4

மறுநாள் காலை ஸ்டூடியோவில் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து உட்கார்ந்தார். நிமிர்ந்தபோது கையில் பென்சில் இருந்தது, குஞ்சம்மாளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போய்விட்டது. நெற்றியும் சுத்தம். பிரிண்ட் போட்டுப் பார்த்தார்: முப்பது வயது, வசதியான வீட்டுப் பெண். இவள் பட்டை உரிக்கிறாள் என்றால் கலெக்டர் சிரிப்பார்.

“நான் எங்க செஞ்சேன்? கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு” என்றார் என்னிடம்.

நான் நம்பவில்லை. கைமேல் பழி போடுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அந்தச் சாதிதான். அவருக்குள் யாரோ அந்தத் தாய்க்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

பென்சில் வேலை அழியக்கூடியது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு, பழைய முகம் வந்துவிடும்.

துடைத்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். கட்டுரை வந்தது, கலெக்டர் ஜீப் காட்டுக்குள் போனது, பத்துக் குடும்பம் வெளியே வந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கம், தோட்டக்காரர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் லெட்சுமி மூன்று நாள் சாப்பிடவில்லை.

துடைக்கவில்லை என்று இன்னொன்று. அந்த முகத்தை யாரும் நம்பவில்லை, ஜீப் வரவில்லை. லெட்சுமி படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். அம்மா தேறிட்டா என்றாள்.

இரண்டுக்கும் அழுதேன். அதனாலேயே இரண்டின்மீதும் எனக்குச் சந்தேகம்.

6

சேனாதிபதி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், சொன்னார். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ தீர்த்துவிட்டு நீங்கள் தூங்கப் போய்விடுவீர்கள். என் தூக்கம் மட்டும் கெடுவானேன்?

மதுரை பஸ் இரண்டு மணிக்கு. அதில் படம் வைத்த கவர் போனால்தான் அச்சுக்கு ஆகும். இப்போது மணி பன்னிரண்டு, பஞ்சு நனைந்திருக்கிறது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

குஞ்சம்மாளைக் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று தோன்றும். முடியாது. அங்கே மலைமேல் அவள் விடியும் முன்பே பட்டை உரிக்கப் போய்விட்டாள்.