பிடி கிடைக்காத மருந்து

செல்வலட்சுமி ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புரதத்தோடு விஷ மருந்தை இணைத்து உடம்புக்குள் அனுப்புவார்கள். இரண்டையும் இணைக்கும் சின்ன ரசாயனக் கண்ணியைச் செய்வது அவள் வேலை. ரத்தத்தில் போகும்போது அது அறுந்துவிடக் கூடாது. செல்லுக்குள் போனதும் மருந்தை விட்டுவிட வேண்டும்.

அவள் அம்மா வேலுத்தாய் சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். வேலுத்தாய்க்கு மார்பில் புற்று வந்தபோது மதுரை டாக்டர் அதே வகை மருந்தைத்தான் ஏற்றினார். கட்டி சுருங்கியது. வேலுத்தாய் மறுபடியும் கம்பெனி வேனில் ஏறினாள். "எம் மக செஞ்ச மருந்துதேன் என்னய எந்திரிக்க வச்சிருக்கு" என்று வேனில் எல்லோரிடமும் சொன்னாள். அது வேறு கம்பெனி மருந்து என்று சொல்ல வாயெடுத்த செல்வலட்சுமி, அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

பங்குனியில் கல்லீரலிலும் கட்டி தெரிந்தது. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் செல்வலட்சுமியைத் தனியே அழைத்து இரண்டு படங்களைக் காட்டினார். பழைய படத்தில் செல்களின் ஓரமெல்லாம் பழுப்புச் சாயம். அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்கிற சாயம். புதிய படத்தில் அது துளிகூட இல்லை.

"அந்தப் புரதமே இப்ப இல்லம்மா. மருந்து இனிமே பிடிக்காது" என்றார்.

அவர் சொல்லுமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவளாக இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

வராந்தாவில் வேலுத்தாய் காத்திருந்தாள்.

"என்னத்தா, நீ செஞ்ச ஒட்டு விட்டுப்போச்சா?"

"ஒட்டு விடலம்மா. அது போயி பிடிக்கதுக்கு அங்கன ஒண்ணுமில்ல."

"அப்ப வேறொண்ணப் பிடிக்கிற மாதிரி செய்யேன்."

"அதுக்கு வருசக்கணக்காகும்மா."

வேலுத்தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேன்ல வாரவளுககிட்ட சொல்லிராத. ஒன் மருந்து கேக்கலன்னு பேசுவாளுக."

வேறு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அது வாந்தியைத்தான் கொடுத்தது. வேலுத்தாயே போதும் என்றாள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டாள். காரில் உட்காரக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆவணி பிறக்குமுன் செத்துப்போனாள்.

காரியம் முடிந்தும் செல்வலட்சுமி ஹைதராபாத்துக்குக் கிளம்பவில்லை. வேறொரு புரதத்தைப் பிடிக்கும் மருந்துக்குக் கண்ணி செய்யும் வேலை தொடங்குவதாக ஆய்வுக்கூடத்திலிருந்து சொன்னார்கள். என்றைக்கு வருகிறாய் என்று கேட்டார்கள். சொல்கிறேன் என்று போனை வைத்தாள். அடுத்த முறை அடித்தபோது எடுக்கவில்லை. அம்மா படுத்திருந்த பாயைச் சுருட்டவும் மனமின்றி, அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.