முப்பது எண்ணும் வரை

தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கும் மாஸ்டருக்குத் தன் நாக்கின் மேல் அப்படியொரு கர்வம். ஒரு சொட்டு சூப்பை நாக்கில் விட்டதுமே எவ்வளவு உப்பு குறைகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் உலகத்தில் உள்ள எல்லா வாய்களைப் பற்றியும் தனக்கே தெரியும் என்ற நினைப்பு வேறு.

அவர் மனைவி தையல்காரி. மார்பில் புற்றுநோய். மூன்றாவது கீமோ ஏற்றிய ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண். உதட்டின் உட்புறம் வெந்துபோய், நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள். நர்ஸ் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். உப்பும் சமையல் சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். மெத்தென்ற பிரஷ். காரம் வேண்டாம், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. காய்ச்சல் வந்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே ஃபோன் செய்ய வேண்டும்.

"உப்புத் தண்ணிக்கெல்லாம் புண்ணு ஆறுமா?" என்று மாஸ்டர், அவள் கரைத்து வைத்திருந்ததைத் தொட்டியில் கொட்டினார். கடையில் இருப்பதிலேயே காட்டமான பச்சை மவுத்வாஷை வாங்கிவந்து, அவளை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தினார்.

"முப்பது எண்ணுற வரைக்கும் துப்பக் கூடாது. ஒண்ணு... ரெண்டு..."

அவள் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாகக் கொட்டியது. எரிகிறது என்று கையை உதறிக் காட்டினாள்.

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சும்மா சீன் போடாத. பன்னெண்டு..."

மூன்று நாள் இந்தக் கூத்து. நான்காம் நாள் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. வாயைப் பார்த்த டாக்டர், இது ஆறும்வரை அடுத்த கீமோ கிடையாது என்று தள்ளிவைத்தார். மாஸ்டரை நிற்கவைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். நோய் காத்திருக்குமா என்ற பயத்திலேயே அவளுக்கு ஒவ்வொரு நாளும் கழிந்தது. அந்தப் பாட்டிலை மட்டும் தையல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

டாக்டர் தந்த மருந்திலும் சோடாத் தண்ணீரிலும் வாய் ஆறியது. கோபத்தை அவள் ஆறவிடவில்லை.

அடுத்த கீமோவுக்கு முந்தின நாள் மதியம் மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கொதிக்கிற சூப்பை அவசரத்தில் ருசி பார்த்து, நாக்கு பொத்துப்போயிருந்தது.

"ஏதாவது குடேன்... உயிர் போகுது!"

அவள் பெட்டியைத் திறந்தாள். பாட்டில் மூடி நிறைய ஊற்றி நீட்டினாள்.

"ஐயோ, இதுவா?"

"ஏன், நீங்க வாங்கினதுதானே? ஊத்துங்க. ஒண்ணு... ரெண்டு..."

ஐந்தில் அவர் துப்பினார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, வாயைக் காட்டிக்கொண்டு குதித்தார். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அஞ்சுதான் ஆச்சு. எனக்கு முப்பது."

மாஸ்டர் தலை நிமிரவில்லை. "தப்புதான். அதைத் தூக்கி எறிஞ்சிடு."

"எறிய மாட்டேன். உங்க பிரஷ் பக்கத்துலயே இருக்கட்டும், தினமும் பாருங்க. புண்ணை எரியவிடுறது வைத்தியம் இல்ல, கொடுமை. நோயாளி வலிக்குதுன்னா நம்பணும். சந்தேகம் வந்தா நர்ஸைக் கேக்கணும், உங்க நாக்கை இல்ல."