தம்பியின் இருமல்

அண்ணன் தன் தம்பியைக் கடையிலிருந்து துரத்திய மறுநாள் காலை, கடையின் கம்ப்யூட்டர் தம்பியின் குரலில் இருமியது. குட்டையாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் கேட்குமே, அந்த மாதிரி. அதே காலையில், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் பாயைக்கூட விரிக்காமல் உட்கார்ந்திருந்த தம்பிக்கு, விவரம் தெரிந்த நாள் முதல் கூடவே இருந்த இருமல் நின்றுபோனது. டாக்டரிடம் போகவில்லை, கஷாயம் குடிக்கவில்லை. இருமலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான். குடையை மறப்பதுபோல் மறந்துவிட்டு வந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தார்.

அது லேபிளும் விசிட்டிங் கார்டும் அழைப்பிதழும் அச்சடிக்கும் கடை. முன்னால் ஒரு கண்ணாடி மேசை, அதன் பின்னால் அண்ணன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர், பிரிண்டர், பேப்பர் வெட்டும் மெஷின், காகிதத் தூசி, தம்பி. தம்பியின் முகத்தைப் பார்த்த வாடிக்கையாளர்கள் குறைவு. இருமலைக் கேட்காதவர்கள் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தம்பி ஒரு கொடி பார்டர் போட்டிருந்தார். கொடியில் ஓர் இலை திரும்பியிருந்த மாதிரி இன்னொன்று திரும்பியிருக்காது. அதற்குப் பிறகு அந்த ஊரில் கல்யாணமோ, கடைத் திறப்போ, கருமாதியோ, அந்தக் கொடி சுற்றாத காகிதம் செல்லாது என்று ஆகிவிட்டது. ஸ்கேலை வைத்துக்கொண்டும் நேர்க்கோடு போட வராத அண்ணன், யார் கேட்டாலும் "நான்தான் போட்டேன்" என்பார். உடனே தடுப்புக்குப் பின்னாலிருந்து இருமல் வரும். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசாமிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் மாதிரி, பூசணிக்காயையே பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு மறைத்தவரைப் பார்த்ததில்லை.

ஊர் முழுக்கக் கிளை வைத்திருந்த பேக்கரிக்காரர் கேக் பெட்டிகளுக்கு டிசைன் பேச வந்த அன்று விஷயம் வெடித்தது. கொடியைப் போட்டது யார் என்று அவர் கேட்டார். அண்ணன் வழக்கமான பதிலைச் சொன்னார், இருமலும் வழக்கம்போல வந்தது. "உள்ள யாரு?" என்றார் பேக்கரிக்காரர். "அதுவா? வேலைக்கு நிக்கிற பையன்" என்றார் அண்ணன். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்த அந்தப் பையன் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் வேலைக்கு நிக்கிற பையனா?"

"சம்பளம் வாங்குறவன வேற என்னன்னு சொல்லுவாங்க? முதலாளின்னா?"

"என் பேரை அழிச்சிட்டல்ல. முடிஞ்சா என்னை அழி, பாப்போம்."

"வெளிய போடா."

போனார். செருப்பை மாட்டிக்கொண்டதைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கொடி பத்திரமாக இருந்த பென் டிரைவைக்கூட.

முதல் இருமல் கேட்டதும் அண்ணன் ஸ்பீக்கரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் ஃபேன் வழியாக இருமியது. ஃபேனைக் கழற்றினார். பிரிண்டர் இருமியது, இருமியபோது காகிதம் ஆட, கொடியின் மூன்றாவது இலை கோணலாக விழுந்தது. கொடியைத் திறக்கும்போதெல்லாம் இது நடந்தது. இனி தாங்காது என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஃபார்மட்டைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் ஃபார்மட் பண்ணு என்பதால் அதுவே பெயராகிவிட்டது. தன் மாமியாருக்கும் அதே வைத்தியத்தைச் சிபாரிசு செய்தவர் என்று சொல்வார்கள். அவர் வந்தார், கேட்டார், வைரஸ் என்றார். வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேரை ஓட்டினார். ஒன்று அகப்பட்டது, அழிக்கவா என்று அது கேட்டது, அழி என்றார், அழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு இருமியது. ஃபார்மட் ஹார்ட் டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை பூஜ்ஜியமாக எழுதித் துடைத்தார். துடைத்து முடித்தபோது கடைச் சுவரில் இருந்த காலண்டர்களில் தேதிகள் இல்லை. கட்டம் மட்டும் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வருஷமும் முடிகிற சமயம்தான்.

ஃபார்மட் கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனை தாண்டியதும் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை, தம்பியின் பென் டிரைவ் இருந்தது. அதைச் செருகி, கொடியைத் திரும்ப ஏற்றினார். தம்பிதான் வேண்டாம், தம்பியின் கொடி வேண்டும். கொடி ஏறியது, கம்ப்யூட்டர் இருமியது. என்ன சொல்லித் திட்டுவது இந்த மனுஷனை.

இரண்டாவது முறை துடைத்தபோது அண்ணனின் விரல் ரேகைகள் போயின. அவருடைய போனே அவரை யாரோ என்று நினைத்துத் திறக்க மறுத்தது. மூன்றாவது முறை துடைத்தபோது, அவருடைய கல்யாண ஃபோட்டோவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அழிந்துபோனார்கள். மாலைகள் அந்தரத்தில் தொங்கின. ஓரத்தில், கையில் ஜூஸ் கிளாஸுடன் தம்பி மட்டும் அப்படியே நின்றிருந்தார். வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. "கட்டிக்கிட்டு வந்த என்னை அழிச்சிட்டு, துரத்திவிட்ட உங்க தம்பியைக் கூடத்துல மாட்டி வச்சிருக்கீங்க" என்றார் அண்ணனின் மனைவி. பிறகு ஹார்ட் டிஸ்கை மாற்றினார்கள், மதர்போர்டை மாற்றினார்கள், கம்ப்யூட்டரையே மாற்றினார்கள், கடைக்கு வெள்ளை அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கூடு திறந்தது, இருமல் வந்தது. வருஷங்கள் இப்படியே கழிந்தன. கோணல் இலைக்கு ஊர் பழகிப்போனது மட்டுமல்ல, கோணல் இல்லாத கொடியைக் கண்டால் டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுக்கவும் ஆரம்பித்தது. மாடி அறையில் தம்பி தன் கையாலேயே போட்டு அச்சடித்த சுத்தமான கொடியையும் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த ஊரின் நியாயம் அவ்வளவுதான்.

கடைசியில் அண்ணன் மாடி அறைக்கே போனார். தம்பி உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"உன் இருமலை எடுத்துட்டுப் போ."

"என்னோடதா அது?"

"உன்னோடதுதான். ஊருக்கே தெரியும்."

"அங்க விட்டுட்டு வந்ததுல அது ஒண்ணைத்தான் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டிருக்க. கொடி?"

"கொடி என்னோடது."

"அப்ப இருமலும் உன்னோடதுதான். வச்சுக்க."

கதவு சாத்தப்பட்டது. படியில் இறங்கும்போது அண்ணன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

அந்த வாரம் ஃபார்மட் கடைசி முறையாக வந்தார். அவருக்கும் ரோஷம் இருந்தது. துடைத்த பிறகும் இருமுகிற கம்ப்யூட்டரால் ஊரில் அவர் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. "சார், இப்படி முழுசா துடைச்சா வைரஸ் செத்துடும். எங்கியோ ஆயிரத்துல ஒண்ணு சிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், அதையும் மாத்தியாச்சு. நம்மளே திரும்பக் கூட்டிட்டு வந்தாத்தான் வரும். பழைய ஃபைல் எதையாவது திரும்பப் போடுறீங்களா?" என்றார். "சத்தியமா இல்ல" என்றார் அண்ணன். தடுப்புக்குப் பின்னால் அப்போதுதான், சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணனின் மனைவி, கண்ணே சரியாகத் தெரியாமல் இந்த மனுஷன் ஏன் கண்ணாடி போடுவதில்லை என்று கூட்டைத் திறந்து பார்த்திருந்தார். பென் டிரைவைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். ஃபார்மட் அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவியின் எதிரில் மூக்கு உடைபட்ட பிறகு அண்ணனுக்கு வேறு வழி இல்லை. கொடியை வைத்துக்கொண்டால் இருமலோடு வாழ வேண்டும். இருமலைத் தொலைத்தால் கடைக்குச் சோறு போட்ட கொடியைத் தொலைக்க வேண்டும். "அவனே வேணாம்கிறேன், அவன் கொடி எனக்கு எதுக்கு? நான் போட்டுக்குறேன்" என்று சொல்லி, பென் டிரைவைப் பேப்பர் வெட்டும் மெஷினில் வைத்து இரண்டாக வெட்டினார். கம்ப்யூட்டரைச் சுத்தியலால் உடைத்துப் பழைய சாமான்காரரிடம் போட்டார். கவர் பிரிக்காத புது மெஷின் வந்தது. அதற்கு நெட் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை, எதையும் செருக விடவில்லை. கடை அமைதியாக இருந்தது. அண்ணன் அந்த அமைதியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய யுத்தத்தில் ஜெயித்த தோரணை.

பேக்கரிக்காரர் வந்தார். பெட்டி தீர்ந்துவிட்டது, அதே கொடி வேண்டும், உட்கார்ந்திருக்கிறேன் போட்டுக் கொடுங்கள் என்றார். அண்ணன் புது மெஷினின் முன் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தார். நேர்க்கோடு வராத கை கொடியைப் போட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒவ்வொரு வளைவும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. முதல் இலை வந்தது. இரண்டாவது வந்தது, வேறு பக்கம் திரும்பி. மூன்றாவது இலை பாதியில் இருக்கும்போது மௌஸ் துள்ளி, இலை கோணிக்கொண்டது. கம்ப்யூட்டர் இருமியது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. எந்தப் பென் டிரைவும் ஏறாத மெஷின் அது. ஏறியது அண்ணனின் கை மட்டும்தான். துடைக்க வேண்டிய இடம் அவர்தான் என்று தெரிந்திருந்தாலும் அதைத் துடைக்க ஃபார்மட்டிடம் சாமான் இல்லை.

பேக்கரிக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இது யாரு போட்டது?" என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார், அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அண்ணன் வாயைத் திறந்தார். நான்தான் என்கிற வார்த்தை அங்கேயேதான் இருந்தது, வெளியே வரவில்லை. மெஷின் இன்னொரு தடவை இருமியது.

"அவன் போட்டது" என்றார் அண்ணன். "அந்தத் தறுதலை."

"அதான பாத்தேன்" என்றார் பேக்கரிக்காரர், திரும்பவும் போனைப் பார்த்துக்கொண்டே.

உண்மையைச் சொன்னதும் இருமல் நின்றிருக்கும் என்று யாராவது எதிர்பார்த்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசுவதில்லை. எதிரே வந்தால் ஒருவர் சாக்கடைப் பக்கம் இறங்கி நடப்பார். தம்பிக்கு மிளகாய் வறுக்கிற புகையில்கூட இருமல் வருவதில்லை. கடையின் விலைப் பலகையில் விசிட்டிங் கார்டுக்கும் லேபிளுக்கும் நடுவே தம்பி பார்டர் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சாதா பார்டரைவிடக் கொஞ்சம் கூட. அதைத் திறந்ததும் கம்ப்யூட்டர் இருமும், வந்தவர்கள் முடியும்வரை காத்திருப்பார்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். கடை சாத்துவதற்குள் அது காலியாகிவிடும். காலையில் அதை நிரப்பி வைக்கிறவர் அண்ணன்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கீழே சிந்துகிற மாதிரி.